பத்து சென்டிமீட்டர் தண்ணீர்

ஒரு லிட்டர் பெட்ரோல் முழுதாக எரிய ஏறத்தாழ 9,500 லிட்டர் காற்று வேண்டும். எடையில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்பது கணக்கு. ஒரு லிட்டர் பெட்ரோல் முக்கால் கிலோ இருக்கும். அதற்குப் பதினொரு கிலோ காற்று. நம்மூர் வெயிலில் ஒரு கன மீட்டர் காற்று 1.15 கிலோதான் இருக்கும் என்பதால், அந்தப் பதினொரு கிலோ ஒன்பதரை கன மீட்டரை அடைத்துக்கொள்கிறது. பங்க்கில் பெட்ரோலுக்கு மட்டும்தான் மீட்டர் ஓடுகிறது. எஞ்சினுக்குள் போகிற மொத்த எடையிலோ பதினாறில் பதினைந்து பங்கு காற்று.

பெட்ரோலைக் கூடுதலாகக் கொடுப்பது எளிது. இன்ஜெக்டர் கண்ணிமைக்கும் நேரத்தில் ஒரு பகுதி கூடுதலாகத் திறந்திருந்தால் போதும். காற்றைக் கூடுதலாகச் சேர்ப்பதுதான் கடினம். ஆகவே ஒரு சுற்றுக்கு எத்தனை கிராம் காற்று உள்ளே வருகிறதோ, அதுவே எஞ்சினின் சக்தியை முடிவு செய்கிறது. காற்று வரும் வழியை அகலப்படுத்தினால் கார் வேகமெடுக்கும் என்று உதிரிபாகக் கடைக்காரர் சொல்வதற்கு அடிப்படை இதுதான். இந்தத் தர்க்கத்தில் குற்றமில்லை. ஆனால் உங்கள் காரில் அந்த வழி உண்மையிலேயே குறுகலாக இருக்கிறதா என்ற கேள்வியை அது தாண்டிப் போய்விடுகிறது. கோன் ஃபில்டரோ எண்ணெய் தடவிய பருத்தி ஃபில்டரோ பளபளக்கும் அலுமினியக் குழாயோ வாங்கப் பல ஆயிரம் ரூபாய் செலவழிக்கும் முன் அந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்திருக்க வேண்டும். பதிலை வீட்டிலேயே அளந்து பார்க்கலாம் என்பதுதான் இந்த அத்தியாயத்தின் செய்தி.

பிஸ்டன் கீழே இறங்கும்போது அது செய்வதெல்லாம் இடம் விடுவதுதான். காற்றை உள்ளே தள்ளுவது வெளியே இருக்கும் வளிமண்டலம். நம் விவசாயிகளுக்கு இது நன்றாகத் தெரியும். கிணற்று மேட்டில் வைத்த மோட்டார் ஏழெட்டு மீட்டருக்குக் கீழே போய்விட்ட தண்ணீரை எடுக்காது. எத்தனை குதிரைத்திறன் மோட்டார் போட்டாலும் எடுக்காது. அதனால்தான் கோடையில் நீர்மட்டம் இறங்க இறங்க மோட்டாரையும் கிணற்றுக்குள் இறக்கி வைக்கிறார்கள். காரணத்தை 1643-இல் இத்தாலியில் டாரிசெல்லி கண்டுபிடித்தார். குழாயில் தண்ணீரை ஏற்றுவது நம் தலைக்கு மேல் இருக்கும் காற்றின் எடை. அந்த எடை 76 சென்டிமீட்டர் பாதரசத்துக்குச் சமம், தண்ணீராக இருந்தால் சுமார் பத்து மீட்டருக்குச் சமம். அதற்கு மேல் தள்ள அதனிடம் பலம் இல்லை.

டர்போ இல்லாத சாதாரண பெட்ரோல் காருக்கும் அந்தப் பத்து மீட்டர்தான் மொத்த மூலதனம். கிரில்லுக்குப் பின்னால் இருக்கும் வாய், அதிலிருந்து வரும் குழாய், ஃபில்டர் டப்பா, ஃபில்டர், த்ராட்டில், வால்வு என்று ஒவ்வொரு இடத்திலும் காற்று கொஞ்சம் அழுத்தத்தை இழந்துகொண்டே சிலிண்டருக்குப் போகிறது. ஃபில்டர் வரைக்கும் இழப்பது பத்து சென்டிமீட்டர் தண்ணீர் என்றால், மொத்தத்தில் அது ஒரு சதவீதம். ஃபில்டரையும் குழாயையும் மாற்றி நீங்கள் மீட்க முடிவது அதிகபட்சம் அந்த ஒரு சதவீதம். இந்த உச்சவரம்பை எந்த விளம்பரமும் தாண்ட முடியாது.

அளப்பது எப்படி? கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் லெவல் டியூப் மூன்று நான்கு மீட்டர் வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு மீட்டர் நீளப் பலகையில் அதை ‘ப’ வடிவத்தில் வளைத்துக் கட்டி, நடுவில் ஒரு ஸ்கேலை ஒட்டுங்கள். பாதி உயரத்துக்குத் தண்ணீர் ஊற்றி, கண்ணுக்குத் தெரிய ஒரு துளி சொட்டு நீலம் விடுங்கள். ஒரு முனை காருக்குள் திறந்தபடி இருக்கட்டும். மறுமுனையை பானட் இடுக்கு வழியாகக் கொண்டுபோய், ஃபில்டர் டப்பாவுக்கும் த்ராட்டிலுக்கும் இடையில் உள்ள குழாயோடு சேர்க்க வேண்டும். பெரும்பாலான கார்களில் அந்தக் குழாயில் பிரீதர் ஹோஸ் ஒன்று வந்து சேரும். அதில் ஒரு டீ இணைப்பு போட்டால் போதும், ஓட்டை போட வேண்டியதில்லை. தெரிந்த மெக்கானிக்கிடம் சொன்னால் பத்து நிமிட வேலை.

பிறகு ஆளில்லாத நேரான சாலையில் இரண்டாவது கியரில் ஆக்சிலரேட்டரை முழுதாக மிதித்து, டாக்கோமீட்டர் முள் சிவப்புக் கோட்டை நெருங்கும் வரை ஒருமுறை போக வேண்டும். பலகையைப் பக்கத்து சீட்டில் இருப்பவர் பிடித்துக்கொண்டு செல்போனில் வீடியோ எடுக்கட்டும். ஓட்டுபவர் அந்தப் பக்கம் பார்க்கவே கூடாது. ஒரு பக்கம் நீல நீர் ஏழு சென்டிமீட்டர் ஏறி, மறுபக்கம் ஏழு இறங்கியிருந்தால் வித்தியாசம் பதினான்கு. காருக்குள் இருக்கும் காற்றழுத்தமும் வெளியே இருப்பதும் சற்று வேறுபடும் என்பதால் ஓரிரு சென்டிமீட்டர் பிழை வரலாம். நம் கேள்விக்கு அந்தத் துல்லியம் போதும்.

நம் சாலைகளில் அதிகம் பார்க்கிற ஒரு எஞ்சினை எடுத்துக்கொள்வோம். ஸ்விஃப்ட் காரில் நெடுங்காலம் வந்த 1,197 சிசி எஞ்சின் 6,000 சுற்றில் ஏறக்குறைய 83 குதிரைத்திறன் தரும். நான்கு ஸ்ட்ரோக் என்பதால் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் நிரம்புகிறது. அப்படியும் அந்த வேகத்தில் வினாடிக்கு அறுபது லிட்டர் இடத்தைக் காற்று நிரப்ப வேண்டும். இவ்வளவு ஓட்டத்திலும், நல்ல நிலையில் உள்ள சாதாரணக் கார்களில் ஃபில்டர் வரையிலான இழப்பு பொதுவாகப் பத்திலிருந்து இருபத்தைந்து சென்டிமீட்டர் தண்ணீருக்குள் இருக்கும். பதினைந்து என்று வைத்துக்கொண்டால் ஒன்றரை சதவீதம்; 83-இல் அது ஒன்றேகால் குதிரைத்திறன். ஃபில்டரும் குழாயும் இல்லாமலே ஓட்டினால்தான் அதுவும் முழுதாகக் கிடைக்கும். நல்ல ஃபில்டரால் பாதியை மீட்டாலே பெரிது.

இப்போது விளம்பரத்தைத் திருப்பிக் கேளுங்கள். “ஐந்து குதிரைத்திறன் கூடும்” என்றால் இந்த எஞ்சினில் அது ஆறு சதவீதம். பழைய ஃபில்டர் அறுபது சென்டிமீட்டர் தண்ணீர் அளவுக்கு அழுத்தத்தைத் தின்றுகொண்டிருந்தால்தான் அது நடக்கும். அப்படி ஒரு டப்பாவை எந்தப் பொறியாளரும் வடிவமைக்க மாட்டார்.

ஒன்றரை சதவீதம் எவ்வளவு சிறியது என்பதை மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்குப் போகும்போது உணரலாம். நூற்று முப்பது மீட்டர் உயரம் ஏறினாலே காற்றழுத்தம் அந்த அளவு குறைந்துவிடும். மலைப்பாதையில் முதல் சில கிலோமீட்டரிலேயே அதை இழந்துவிடுகிறோம், யாரும் கவனிப்பதில்லை. 2,240 மீட்டர் உயரத்தில் ஊட்டி போய்ச் சேரும்போது அழுத்தம் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருக்கும். அங்கே காற்று குளிர்ந்து அடர்ந்திருப்பதால் அதில் ஒரு பகுதி திரும்பக் கிடைத்து, மொத்த இழப்பு பதினைந்து சதவீத அளவில் நிற்கும். அப்போதுதான் “பிக்கப் இல்லையே” என்று கியரைக் குறைக்கிறோம்.

குளிர்ந்த காற்று அடர்த்தியானது என்ற அந்தச் சின்ன உண்மை நம் முடிவை இன்னொரு பக்கமும் இழுக்கிறது. கம்பெனி டப்பா பார்க்க அழகில்லாத கறுப்பு பிளாஸ்டிக்தான். ஆனால் அதன் வாய் பெரும்பாலும் ரேடியேட்டருக்கு முன்னால், வெளிக்காற்றைப் பார்த்தபடி இருக்கும். அதைக் கழற்றிவிட்டு பானட்டுக்குள் திறந்தபடி ஒரு கோன் ஃபில்டரை மாட்டினால், எஞ்சின் தன் சூட்டிலேயே காய்ந்த காற்றை எடுக்கத் தொடங்குகிறது. வெளியே 40 டிகிரி, பானட்டுக்குள் 60 டிகிரி என்றால் அடர்த்தி ஆறு சதவீதம் குறைகிறது. ஒன்றரை சதவீத வரவுக்கு ஆறு சதவீதச் செலவு. சூடான காற்றில் நாக்கிங் வரும் என்பதால் கணினி இக்னிஷனைப் பின்தள்ளி இன்னும் கொஞ்சத்தைப் பறித்துக்கொள்ளும். ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் ஓபிடி சாக்கெட்டில் ஒரு சிறிய புளூடூத் கருவியைச் செருகினால் உள்வரும் காற்றின் வெப்பநிலையைச் செல்போனிலேயே பார்க்கலாம். சக்தியை அளக்கும் டைனோ மேடையில் ஓட்டிக் காட்டும் அளவீடுகளைப் பார்க்கும்போதும் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அங்கே பானட் திறந்திருக்கும், முன்னால் பெரிய மின்விசிறி சுழலும். கிண்டி சிக்னலில் நிற்கும் கார் அந்த நிலையில் இல்லை.

மைலேஜ் கூடும் என்பது இதைவிடப் பெரிய தவறான நம்பிக்கை. சமதளச் சாலையில் அறுபது கிலோமீட்டர் வேகத்தில் போக ஒரு சிறிய காருக்குப் பத்துக் குதிரைத்திறன்கூட வேண்டியதில்லை. அப்போது த்ராட்டில் வால்வு ஏறக்குறைய மூடியிருக்கிறது. வளிமண்டல அழுத்தத்தில் பாதிக்கு மேல் அந்தத் தகட்டிலேயே வேண்டுமென்றே இழக்கப்படுகிறது. ஃபில்டரில் கொஞ்சம் அடைப்பு இருந்தால் உங்கள் கால் உங்களுக்கே தெரியாமல் ஒரு மயிரிழை கூடுதலாக அழுத்தும், தகடு சற்றே கூடுதலாகத் திறக்கும், அவ்வளவுதான். ஆக்சிஜன் சென்சாரைப் பார்த்துப் பெட்ரோலை அளந்து விடும் கணினியும் கலவை விகிதம் மாறாமல் பார்த்துக்கொள்கிறது. அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் 2009-இல் இதைச் சோதித்து வெளியிட்டது. ஃபில்டரை வேண்டுமென்றே அடைத்து ஓட்டியும், இன்ஜெக்டர் உள்ள நவீன கார்களில் எரிபொருள் செலவு குறிப்பிடும்படி மாறவில்லை. முழு ஆக்சிலரேட்டரில் வேகமெடுக்கும் நேரம் மட்டும் 6 முதல் 11 சதவீதம் வரை மாறியது. ஃபில்டர் அடைத்தால் மைலேஜ் விழும் என்பது கார்புரேட்டர் காலத்து உண்மை. அந்தக் காலத்து வண்டிகளுக்கு இன்றும் பொருந்தும்.

அப்படியென்றால் பந்தயக்காரர்கள் காற்றுக்காக ஏன் உயிரை விடுகிறார்கள்? அவர்களுக்குக் காற்று வழிதான் உண்மையான முட்டுக்கட்டை என்பதால். உலக ராலி பந்தயத்தில் டர்போவுக்கு முன்னால் 34 மில்லிமீட்டர் துளை கொண்ட ஒரு வளையத்தைப் பொருத்தியாக வேண்டும் என்று 1995-இல் விதி இருந்தது. அந்தத் துளையில் காற்று ஒலியின் வேகத்தை எட்டிவிட்டால் அதற்கு மேல் ஒரு கிராம்கூடக் கூடுதலாகப் போகாது. டர்போ எவ்வளவு சுழன்றாலும் போகாது. எஞ்சினின் சக்தி சுமார் முந்நூறு குதிரைத்திறனில் பூட்டப்பட்டுவிடும். அந்த ஆண்டு ஸ்பெயினின் கேட்டலூன்யா ராலியில் டொயோட்டா அணியின் செலிகா கார்களைப் பிரித்துப் பார்த்த அதிகாரிகள் திகைத்துப் போனார்கள். ஹோஸைப் பொருத்தி கிளிப்பை முறுக்கும்போது வளையம் சில மில்லிமீட்டர் நகர்ந்து, துளையைச் சுற்றிக்கொண்டு காற்று போக ஒரு ரகசிய வழி திறந்தது. ஹோஸைக் கழற்றினால் வளையம் தானாகப் பழைய இடத்துக்குத் திரும்பிவிடும். பார்த்தால் எல்லாம் விதிப்படியே இருக்கும். அணியின் புள்ளிகள் பறிக்கப்பட்டு, ஓராண்டுத் தடையும் விதிக்கப்பட்டது. குற்றம் குற்றம்தான். ஆனால் பொறியியலாக அதை வியக்காமல் இருக்க முடியாது. இறுக்கம் எங்கே இருக்கிறதோ அங்கே கை வைத்தார்கள் அவர்கள். உங்கள் காரின் இறுக்கம் ஃபில்டரில் இல்லை. வால்விலும் அதை ஒட்டிய வழியிலும் இருக்கிறது.

குழாயின் நீளமும் வெறும் இடைவெளி நிரப்ப அமைந்ததில்லை. வால்வு திறந்து மூடும் ஒவ்வொரு முறையும் குழாயில் ஒரு அழுத்த அலை ஓடித் திரும்புகிறது. திரும்பி வரும் அலை வால்வு மூடப்போகும் நேரத்தில் வந்து சேர்ந்தால், கூடுதலாக ஒரு வாய் காற்றைச் சிலிண்டருக்குள் திணித்துவிடும். 1960-இல் வந்த கிறைஸ்லர் 300எஃப் காரில் இதற்காகவே 30 அங்குல நீளக் குழாய்களை எஞ்சினின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குக் குறுக்காக ஓடவிட்டிருந்தார்கள். நடுத்தர வேகத்தில் இழுவை கூட அது உதவியது. அதிக வேகத்தில் பலன் வேண்டியவர்களுக்குக் குட்டைக் குழாய் கொண்ட இன்னொரு வகை இருந்தது. என் தண்ணீர்க் குழாய் இந்த அலை விளையாட்டைக் காட்டாது, சராசரியைத்தான் காட்டும். கம்பெனிக் குழாயை எடுத்துவிட்டு வேறு நீளத்தில் ஒன்றைப் போட்டால் ஒரு வேகத்தில் கொஞ்சம் கூடலாம், இன்னொரு வேகத்தில் குறையலாம். ஊருக்குள் ஓட்டுபவருக்குத் தேவையான 2,000, 3,000 சுற்றில் குறைந்தால் அது நஷ்டம். டப்பாவோடு ஒட்டிய அந்தக் காலிப் பெட்டிகள் சத்தத்தை அடக்குவதற்கு. அவற்றைக் கழற்றினால் எஞ்சின் உறுமும். உறுமல் கேட்டால் கார் வேகமாகப் போவதாக மனம் நம்பிவிடும். அந்தச் சத்தம் உங்களுக்குப் பிடிக்கும் என்றால் சத்தத்துக்காக வாங்குங்கள். அது நேர்மையான காரணம்.

எல்லாவற்றையும்விட நான் கவலைப்படுவது தூசியைப் பற்றித்தான். ஃபில்டர் அங்கே இருப்பது காற்றைத் தடுக்க அல்ல, மணலைத் தடுக்க. நம் சாலைத் தூசியில் சிலிக்கா இருக்கிறது; அது சிலிண்டர் சுவரின் இரும்பைவிடக் கடினமானது. ஐந்திலிருந்து இருபது மைக்ரான் வரையிலான துகள்கள் மோசமானவை. தலைமுடியின் பருமனே எழுபது மைக்ரான் இருக்கும் என்பதால் இவை கண்ணுக்குத் தெரியாது. பிஸ்டன் வளையத்துக்கும் சுவருக்கும் நடுவில் உள்ள எண்ணெய்ப் படலத்தின் தடிமனும் இதே அளவில் இருப்பதால், அங்கே போய் உட்கார்ந்து இரண்டையும் அரைக்கின்றன.

ஒரு கணக்கு போடுவோம். லிட்டருக்குப் பதினைந்து கிலோமீட்டர் ஓடும் கார் 10,000 கிலோமீட்டரில் 6,000 கன மீட்டருக்கு மேல் காற்றை எடுக்கும். லாரிகளுக்குப் பின்னால் மண் சாலையில் ஓடி, கன மீட்டருக்குச் சராசரியாக ஒரு மில்லிகிராம் தூசி என்று வைத்துக்கொண்டால் ஆறு கிராம். 99.5 சதவீதம் பிடிக்கும் காகித ஃபில்டர் அதில் 30 மில்லிகிராமை உள்ளே விடும். 98 சதவீதம் பிடிக்கும் ஃபில்டர் 120 மில்லிகிராமை விடும். 99.5-க்கும் 98-க்கும் பெரிய வித்தியாசமில்லை என்று விற்பவர் சொல்வார். உங்கள் எஞ்சினுக்கு அது நான்கு மடங்கு மணல். நல்ல காகித ஃபில்டர்கள், ஐ.எஸ்.ஓ. 5011 முறைப்படி சோதித்தால், 99 சதவீதத்தைத் தாண்டும். எண்ணெய் தடவிய பருத்தி வகைகள் பொதுவாக 96-க்கும் 99-க்கும் நடுவில் நிற்கும். காற்று தாராளமாகப் போகிற வழியில் மணலும் தாராளமாகப் போகும். அந்த எண்ணெயை அளவுக்கு மீறித் தடவினால், காற்றை அளக்கும் சென்சாரின் சூடான மெல்லிய கம்பியில் படிந்து அளவைக் கெடுக்கும். அந்தச் சென்சார் உள்ள கார்களில் செக் எஞ்சின் விளக்கு எரிய இது ஒரு காரணம்.

காகித ஃபில்டரைக் கெடுப்பதும் நாம்தான். “ஏர் அடிச்சு மாட்டிட்டேன் சார், இன்னும் ஒரு சர்வீஸ் தாங்கும்” என்று சொல்லாத ஒர்க்‌ஷாப் அபூர்வம். கம்பிரசர் காற்று காகித இழைகளை விலக்கிப் பொத்தல் போட்டுவிடும். மேலும், லேசாக அழுக்குப் படிந்த ஃபில்டர் புதியதைவிட நன்றாகத் தூசியைப் பிடிக்கும். படிந்த தூசியே அடுத்த தூசிக்கு வலை. ஆகவே அடிக்கடி கழற்றித் தட்டுவதில் நன்மை இல்லை. இருட்டில் மடிப்புகளுக்குப் பின்னால் செல்போன் டார்ச்சைப் பிடித்துப் பாருங்கள். ஊசிமுனை அளவு வெளிச்சப் புள்ளி தெரிந்தால் தூக்கி எறியுங்கள். ஃபில்டரைத் தாண்டி எஞ்சின் பக்கம் உள்ள குழாயின் உள்சுவரை ஒரு வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். மண் ஒட்டினால் ரப்பர் விளிம்பு சரியாக உட்காரவில்லை, அல்லது டப்பாவின் கிளிப் ஒன்று உடைந்திருக்கிறது.

டர்போ டீசல் வைத்திருப்பவர்களுக்குக் கணக்கு சற்று வேறு. ஃபில்டரில் போன அழுத்தத்தை டர்போ இன்னும் கொஞ்சம் வேகமாகச் சுழன்று ஈடுகட்டிவிடும் என்பதால், எல்லையை எட்டாத வரை சக்தியில் வேறுபாடு தெரியாது. தூசியோ டர்போவின் விசிறி இதழ்களையும் சேர்த்து அரிக்கும்.

பம்பருக்குக் கீழே வரை குழாயை இறக்கிக் குளிர்ந்த காற்றை எடுக்கும் வகைகள் நம் மழைக்கு ஆபத்தானவை. மேலே சொன்ன எஞ்சினில் ஒரு சிலிண்டர் முந்நூறு மில்லிலிட்டர். அமுக்க விகிதம் 11 என்று வைத்துக்கொண்டால் பிஸ்டன் உச்சிக்கு வரும்போது மிஞ்சும் இடம் முப்பது மில்லிலிட்டர்தான். அதற்கு மேல் தண்ணீர் புகுந்தால் அது அமுங்காது. கனெக்டிங் ராடுதான் வளையும். தேங்கிய நீரில் எஞ்சின் நின்றுவிட்டால் மறுபடி சாவியைத் திருப்பாமல் இறங்கித் தள்ளுவதே வழி, எந்தக் குழாய் போட்டிருந்தாலும்.

இனி முடிவுக்கு வருவோம். தண்ணீர் இருபத்தைந்து சென்டிமீட்டருக்குள் நின்றால் எதையும் மாற்றாதீர்கள். அதைத் தாண்டினால் முதலில் கம்பெனி காகித ஃபில்டர் புதிதாக ஒன்று போட்டு மறுபடி அளந்து பாருங்கள். பெரும்பாலும் அங்கேயே பிரச்சினை தீர்ந்துவிடும். கேம், எக்ஸாஸ்ட், கணினி டியூனிங் என்று மற்றவற்றையும் மாற்றி, இருங்காட்டுக்கோட்டை பந்தய டிராக்கில் முழு ஆக்சிலரேட்டரில் ஓட்டுகிறீர்கள் என்றால் உங்கள் எஞ்சின் கேட்கும் காற்று கூடியிருக்கும். அப்போது பெரிய ஃபில்டர் போடுங்கள். ஆனால் மூடிய டப்பாவுக்குள், வெளிக்காற்றை எடுக்கும்படி, எத்தனை சதவீதம் தூசி பிடிக்கிறது என்ற எண்ணை எழுத்தில் தருகிற தயாரிப்பாகப் பார்த்து வாங்குங்கள். அந்த எண்ணைத் தராதவரிடம் வாங்காதீர்கள். மாற்றுவதற்கு முன் வாரண்டி விதிகளைப் படித்துவிடுங்கள், கழற்றிய பழைய டப்பாவை எடைக்குப் போடாமல் வைத்திருங்கள்.